உணவால் இதய அடைப்பு கரையுமா? டீன் ஆர்னிஷின் ஆய்வு உண்மையில் காட்டியது என்ன?

கேள்வி – கிணற்றடி

என் அண்ணனுக்கு வயது 58. சென்ற மாதம் மாடிப்படி ஏறும்போது நெஞ்சில் இறுக்கம் ஏற்பட்டது. ஆஞ்சியோகிராம் எடுத்துப் பார்த்ததில் இரண்டு இதயத் தமனிகளில் அடைப்பு இருப்பது தெரிந்தது. இப்போதைக்கு ஸ்டென்ட்டோ பைபாஸோ வேண்டாம், மாத்திரைகளுடன் கவனித்து வருவோம் என்று இதய மருத்துவர் சொல்லியிருக்கிறார். இதற்கிடையே, வாட்ஸ்அப்பில் சுற்றிவரும் ஒரு காணொளியைப் பார்த்துவிட்டு, அமெரிக்காவில் டீன் ஆர்னிஷ் என்னும் மருத்துவர் தாவர உணவால் மட்டுமே அடைப்பைக் கரைத்து நிரூபித்துவிட்டார் என்றும், ஆகவே மாத்திரைகளை நிறுத்திவிடப் போவதாகவும் அண்ணன் பிடிவாதமாக நிற்கிறார்.

எனக்கு விளங்காதது இதுதான். எங்கள் வீட்டில் மூன்று தலைமுறையாக இறைச்சியும் மீனும் முட்டையும் நுழைந்ததில்லை. அந்த மருத்துவர் சொல்வது உண்மையானால், பிறந்தது முதல் சைவம் சாப்பிடும் அண்ணனுக்கு அடைப்பு வந்தது எப்படி? அவர் யார், எதைச் செய்து எதைக் கண்டார் என்பதை, அவரைத் தூக்கிப் பிடிக்காமலும் தூற்றாமலும் விளக்கக்கூடியவர்கள் எழுதினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

மறுமொழி – பழைய வார்டு

அம்மா, அவசரமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். மாத்திரையை நிறுத்துவதற்கு அந்த ஆய்வில் எந்த ஆதாரமும் இல்லை. கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் வகை மாத்திரைகளில் முதலாவது அமெரிக்காவில் விற்பனைக்கு வந்ததே 1987-இல்தான். ஆர்னிஷின் ஆய்வில் சேர்ந்தவர்கள் அந்த வகை மருந்துகளை உட்கொள்ளாதவர்கள். அதாவது, ‘உணவா, ஸ்டாட்டினா’ என்ற போட்டியே அங்கு நடக்கவில்லை. நடக்காத போட்டியில் உணவு வென்றுவிட்டது என்று காணொளிக்காரர்கள் அறிவித்துக்கொண்டிருக்கிறார்கள். இதை அண்ணனிடம் இன்றைக்கே சொல்லிவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

நான் இதய மருத்துவன் அல்லன். பொது மருத்துவத்தில் முப்பது ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன். ஆர்னிஷின் கட்டுரைகள் வெளிவந்த காலத்திலேயே அவற்றை ஆர்வத்தோடு படித்தவன் என்ற அளவில் எழுதுகிறேன்.

அவர் 1953-இல் டெக்சாஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில் பிறந்தவர். ஹூஸ்டனிலுள்ள பெய்லர் மருத்துவக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தபோது, 1977-இல், படிப்பை ஓராண்டு நிறுத்திவைத்துவிட்டு, இதய நோயாளிகள் 10 பேரை ஒரு மாதம் ஓரிடத்தில் தங்கவைத்து, மரக்கறி உணவும் யோகப் பயிற்சியும் கொடுத்துப் பார்த்தார். பைபாஸ் அறுவை பெருகிவந்த காலம் அது. ஹூஸ்டனோ அந்த அறுவைக்கே பேர்போன ஊர். அங்கே ஒரு மாணவர் இப்படிக் கிளம்பியதைப் பேராசிரியர்கள் எந்தக் கண்ணோடு பார்த்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வரும். அடுத்து, 23 பேரைப் பயிற்சியில் சேர்த்து, இன்னொரு 23 பேரை வழக்கமான சிகிச்சையில் விட்டு, குலுக்கல் முறையில் பிரித்த ஓர் ஆய்வைச் செய்தார். 24 நாட்களில் பயிற்சிக் குழுவின் ரத்தக் கொலஸ்ட்ரால் 20.5 சதவீதம் இறங்கியது. நெஞ்சுவலி வெகுவாகக் குறைந்தது. அந்தக் கட்டுரை 1983-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. ஆனால் இவை எல்லாம் வலியும் ரத்தக் கொழுப்பும் பற்றிய அளவுகள். தமனிக்குள் என்ன நடந்தது என்பதை அவை காட்டவில்லை.

அதைக் காட்டியது, நீங்கள் கேட்கும் ஆய்வு. 1984-இல் கலிபோர்னியாவின் சாசலிட்டோவில் தடுப்பு மருத்துவ ஆய்வு நிறுவனம் ஒன்றைத் தொடங்கிய ஆர்னிஷ், ஆஞ்சியோகிராமில் அடைப்பு உறுதியான 48 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்து, 28 பேரைத் தம் திட்டத்திலும் 20 பேரை வழக்கமான மருத்துவக் கவனிப்பிலும் சேர்த்தார். ஓராண்டு கழித்து மீண்டும் ஆஞ்சியோ எடுக்கப்பட்டது. எந்தப் படம் எந்தக் குழுவினுடையது என்று தெரியாதவர்கள் கணினி உதவியோடு அளந்தார்கள். 1990 ஜூலையில் லான்செட் இதழில் முடிவு வெளியானது. திட்டத்தைப் பின்பற்றியவர்களின் தமனிக் குறுக்கம் சராசரியாக 40.0 சதவீதத்திலிருந்து 37.8 சதவீதமாகக் குறைந்திருந்தது. மற்றவர்களுக்கு அது 42.7-லிருந்து 46.1 சதவீதமாகக் கூடியிருந்தது.

இந்த எண்களை ஒருமுறைக்கு இருமுறை படியுங்கள். ‘கரைந்தது’ என்ற சொல்லைக் கேட்டவுடன் குழாயில் படிந்த அழுக்கு முழுவதும் கழுவிப் போனதுபோல மனம் எண்ணிக்கொள்கிறது. உண்மையில் குறைந்தது ஏறத்தாழ இரண்டு புள்ளிகள். இதைக் கேட்டு ஏமாந்து போகவும் வேண்டாம். ஒரு குழாயின் விட்டத்தில் ஏற்படும் சிறு மாறுதல் அதில் பாயும் திரவத்தின் அளவை அதைவிடப் பெரிய விகிதத்தில் மாற்றும் என்பது இயற்பியல். அதோடு, தமனியின் உட்சுவர் தேவைக்கேற்ப விரிந்து கொடுக்கும் திறனும், படிந்த கொழுப்புத் திட்டு வெடிக்காமல் இருப்பதும் ஆஞ்சியோ படத்தில் தெரிவதில்லை; மாரடைப்பு பெரும்பாலும் திட்டு வெடித்து, அதன்மேல் ரத்தம் உறைவதால்தான் நேர்கிறது. அந்த ஓராண்டில் திட்டக் குழுவினருக்கு நெஞ்சுவலி வரும் தடவைகள் 91 சதவீதம் குறைந்திருந்தன. மற்றக் குழுவில் அவை 165 சதவீதம் கூடியிருந்தன. தமனி அடைப்பு ஒருவழிப் பாதை, அது முன்னேறுமே தவிரப் பின்வாங்காது என்று எங்கள் தலைமுறை கற்றிருந்தது. கொழுப்பைக் குறைக்கும் மருந்தும் கத்தியும் இல்லாமல் அது சற்றேனும் பின்வாங்கும் என்று அளந்து காட்டியதுதான் அந்தக் கட்டுரையின் சாதனை.

ஐந்தாண்டுத் தொடர்ச்சி 1998-இல் வெளியானது. திட்டக் குழுவின் 28 பேருக்கு மொத்தம் 25 இதய நிகழ்வுகளும், மற்ற 20 பேருக்கு 45 நிகழ்வுகளும் நேர்ந்திருந்தன. ‘நிகழ்வு’ என்ற கணக்கில் மருத்துவமனைச் சேர்க்கை, பலூன் சிகிச்சை, பைபாஸ் எல்லாம் அடங்கும். உயிரிழப்பு குறைந்ததா என்று தீர்மானிக்க 48 பேர் போதாது. அந்த 48 பேரிலும் ஐந்தாண்டு முடிவில் மறுபடி அளக்கப்பட்டவர்கள் 35 பேர்தான்.

மறுமொழி – நொய்யல்

ஓய்வுபெற்ற மருத்துவர் ஐயா சொல்லாமல் விட்ட ஓர் இழை எங்கள் ஊரில் தொடங்குகிறது. கோயம்புத்தூருக்கு அருகிலுள்ள செட்டிபாளையத்தில் 1914-இல் பிறந்த ராமசாமி என்பவர், பிற்காலத்தில் ரிஷிகேசத்தில் சுவாமி சிவானந்தரிடம் துறவு பெற்று சச்சிதானந்தர் ஆனார். 1950-களில் இலங்கையில் இருந்து, திருகோணமலையிலும் கண்டியிலும் பணிசெய்தார். 1966-இல் நியூயார்க் சென்றார். 1969-இல் உட்ஸ்டாக் இசைவிழாவைத் தொடங்கிவைத்துப் பேசியவர் அவரே. ஆர்னிஷின் குரு இந்தச் சச்சிதானந்தர்தான்.

கல்லூரியில் இளநிலை மாணவராக இருந்தபோது ஆர்னிஷ் கடுமையான மனச்சோர்வில் விழுந்து, படிப்பை விட்டு வீடு திரும்பினார். அவருடைய அக்காள் அப்போது சுவாமியிடம் யோகம் பயின்றுகொண்டிருந்தார். டல்லாஸ் வந்த சுவாமிக்காக ஆர்னிஷின் பெற்றோர் வீட்டிலேயே ஒரு காக்டெயில் விருந்து வைத்தார்களாம். காவி உடுத்த துறவியை மதுக்கோப்பைகளுக்கு நடுவே வரவேற்ற அந்தக் காட்சியை ஆர்னிஷே பல இடங்களில் வேடிக்கையாகச் சொல்லியிருக்கிறார். அங்கே தொடங்கியதுதான் அவருடைய ஆசனம், மூச்சுப் பயிற்சி, தியானம், மரக்கறி உணவு எல்லாம். தமக்குப் பயன்பட்டதை நோயாளிகளுக்குக் கொடுத்தால் என்ன என்ற எண்ணமே 1977-இன் அந்தச் சிறு முயற்சி.

இதை ஊர்ப் பெருமைக்காக எழுதவில்லை. காணொளிகள் அவரை ‘தாவர உணவு மருத்துவர்’ என்று மட்டும் அறிமுகப்படுத்துகின்றன. லான்செட் ஆய்வில் சேர்ந்தவர்கள் நாள்தோறும் குறைந்தது ஒரு மணி நேரம் ஆசனம், மூச்சுப் பயிற்சி, தளர்வு, தியானம் ஆகியவற்றைச் செய்ய வேண்டியிருந்தது. வாரத்துக்குக் குறைந்தது மூன்று மணி நேர உடற்பயிற்சி உண்டு. புகைபிடிக்கக் கூடாது. தொடக்கத்தில் ஒரு வாரம் விடுதியில் ஒன்றாகத் தங்கினார்கள். அதன்பின் வாரம் இருமுறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம், கூடி உட்கார்ந்து மனம்விட்டுப் பேசினார்கள். இத்தனையையும் செய்தவர்களுக்குக் கிடைத்த பலனை, தட்டில் இருந்ததற்கு மட்டும் எழுதிக் கொடுப்பது நியாயமாகப் படவில்லை. சச்சிதானந்தரின் குருவாகிய சிவானந்தர் நெல்லைச் சீமையின் பத்தமடையில் பிறந்து, துறவுக்கு முன் மலாயாவில் மருத்துவராகப் பணிசெய்தவர் என்பதையும் போகிறபோக்கில் நினைத்துக்கொள்கிறேன்.

மறுமொழி – அஞ்சறைப்பெட்டி

நான் உணவியல் நிபுணர். ‘மூன்று தலைமுறைச் சைவத்துக்கு அடைப்பு எப்படி?’ என்ற கேள்வி என்னிடம் வாரம் ஒருமுறையாவது வருகிறது. நாம் சைவம் என்று சொல்வதும் ஆர்னிஷ் பரிந்துரைத்ததும் ஒன்றல்ல. இரண்டுக்கும் பொதுவானது இறைச்சி இல்லாமை ஒன்றே.

அந்த ஆய்வின் உணவில், ஒருநாள் ஆற்றலில் ஏறத்தாழ 10 சதவீதம் மட்டுமே கொழுப்பிலிருந்து வரலாம். 2000 கலோரி உண்பவருக்கு அது 200 கலோரி, அதாவது சுமார் 22 கிராம் கொழுப்பு. அரிசி, கோதுமை, பருப்பு, காய் ஆகியவற்றில் இயல்பாகவே இருக்கும் கொழுப்பும் இந்த 22 கிராமுக்குள் சேரும். ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஏறத்தாழ 5 கிராம். காலையில் இட்லிப் பொடிக்கு இரண்டு கரண்டி நல்லெண்ணெய், மதியம் சாம்பாருக்கும் பொரியலுக்கும் தாளிப்பு, பருப்புச் சாதத்துக்கு ஒரு கரண்டி நெய், கூட்டுக்கு அரைத்துவிட்ட தேங்காய், மாலையில் இரண்டு முறுக்கு என்று ஒரு சாதாரண வீட்டு நாளைக் கூட்டிப் பாருங்கள். கணக்கு மதியச் சாப்பாட்டிலேயே மீறிவிடும். ஆர்னிஷ் எண்ணெயை ஒதுக்கினார், நெய்யை ஒதுக்கினார், கொட்டைப் பருப்புகளையும்கூட ஒதுக்கினார். விலங்குவழி உணவில் அவர் அனுமதித்தது முட்டையின் வெள்ளைக் கருவும், நாளுக்கு ஒரு கோப்பை கொழுப்பு நீக்கிய பால் அல்லது தயிரும் மட்டுமே. காப்பியும் கிடையாது. ஆகவே, கண்டிப்பாகச் சொன்னால் லான்செட் ஆய்வின் உணவு நனிசைவமும் (பால் உட்பட விலங்குவழி உணவு எதுவுமே இல்லாத சைவமும்) அல்ல. முழுத் தானியம், பயறு, காய், கனி ஆகியவற்றை வயிறாரச் சாப்பிடலாம். அளவுக் கட்டுப்பாடு இல்லை.

இதை அப்படியே எடுத்து நம் சமையலறையில் வைக்க முடியுமா என்றால், எனக்குத் தயக்கம் உண்டு. தட்டிலிருந்து கொழுப்பை எடுத்துவிட்டு அந்த இடத்தைத் தீட்டிய வெள்ளரிசியாலும் மைதாவாலும் சர்க்கரையாலும் நிரப்பினால், பலருக்கு ட்ரைகிளிசரைடு என்னும் ரத்தக் கொழுப்பு ஏறுகிறது. நல்ல கொழுப்பு எனப்படும் எச்டிஎல் இறங்குகிறது. தெற்காசியர்களாகிய நம்மிடம் இந்த இரண்டு கோளாறுகளும் முன்பே மிகுதி; சர்க்கரை நோயும் அதிகம். அதனால் ‘எண்ணெய் இல்லை, ஆகவே மூன்று தட்டுச் சாதம்’ என்று அண்ணன் தொடங்கிவிடக் கூடாது. என் அனுபவத்தில், சாதத்தைப் பாதியாக்கி, அந்தப் பாதியைச் சுண்டல், கீரை, காய்க்கு விட்டுக்கொடுக்கச் சொன்னால், நோயாளிகள் அதை ஆறு மாதமாவது கடைப்பிடிக்கிறார்கள். தாளிப்பை முழுவதும் நிறுத்தச் சொன்னால் ஆறு நாள்கூடத் தாங்குவதில்லை.

மறுமொழி – தராசுமுள்

ஆர்னிஷை நான் மதிக்கிறேன். ஆனால் அவருடைய பணிவாழ்வின் பிற்பகுதியை முற்பகுதியின் வெளிச்சத்தில் மட்டும் பார்ப்பவர்களோடு உடன்பட முடியவில்லை.

உணவு, உடற்பயிற்சி, தியானம், புகை நிறுத்தம், குழு ஆதரவு என ஐந்தையும் ஒரே மூட்டையாகக் கொடுத்தால், மூட்டை வேலை செய்தது என்பது தெரியும். மூட்டைக்குள் எது வேலை செய்தது என்பது தெரியாது. ‘நோயாளிக்கு எது என்று தெரிய வேண்டியதில்லை, குணமானால் போதும்’ என்று அவருடைய ஆதரவாளர்கள் சொல்வதுண்டு. மருத்துவமனையில் அது சரியான பதில். ‘தாவர உணவு அடைப்பைக் கரைக்கும்’ என்று பொதுமேடையில் சொல்ல அது போதாது. மேலும், எந்தக் குழுவில் இருக்கிறோம் என்பது நோயாளிகளுக்குத் தெரியும். நெஞ்சுவலியைச் சொல்வதிலும், பைபாஸுக்கு ஒப்புக்கொள்வதிலும் அந்த அறிவு நிச்சயம் புகுந்திருக்கும்.

இதே துறையில் கிளீவ்லாந்து கிளினிக்கின் அறுவை மருத்துவர் கால்டுவெல் எசெல்ஸ்டின் உணவை மட்டும் முன்னிறுத்தினார். 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் படகுப் போட்டியில் தங்கம் வென்ற அணியில் துடுப்புப் போட்டவர் அவர். 2014-இல் அவர் வெளியிட்ட கட்டுரையில் 198 நோயாளிகள் இருந்தார்கள். அவர்களில் உணவை விடாமல் பின்பற்றியவர்கள் 177 பேர். விட்டுவிட்டவர்கள் 21 பேர். முதல் வகையினருக்குப் பாதிப்பு மிக அரிதாகவும், இரண்டாம் வகையினரில் 13 பேருக்கும் நேர்ந்ததாக அவர் காட்டினார். பார்க்க மலைப்பாக இருக்கிறது. ஆனால் குலுக்கிப் பிரிக்கப்படாதவர்கள் அவர்கள். ஒன்றை விடாப்பிடியாகப் பின்பற்றும் மனிதர் மாத்திரையையும் நடைப்பயிற்சியையும் விடாப்பிடியாகத்தான் பின்பற்றுவார். ஆர்னிஷ் குலுக்கிப் பிரித்தார் என்பதே அவரை மற்றவர்களிடமிருந்து உயர்த்துகிறது. அந்த அளவில் என் மதிப்பு அவருக்கே.

பின்பற்ற முடியுமா என்பது அடுத்த சிக்கல். ஸ்டான்போர்டில் 311 பெண்களை நான்கு உணவுமுறைகளில் குலுக்கிப் பிரித்து, 2007-இல் முடிவை வெளியிட்டார்கள். ஓராண்டில், மாவுச்சத்தை வெகுவாகக் குறைக்கும் அட்கின்ஸ் முறையினர் சராசரியாக 4.7 கிலோவும் ஆர்னிஷ் முறையினர் 2.2 கிலோவும் எடை இழந்திருந்தார்கள். ஆர்னிஷ் குழுவில் பெரும்பாலோர் அந்த 10 சதவீத எல்லைக்குப் பக்கத்திலேயே போகவில்லை. ‘பிறகு எப்படி என் உணவுமுறையைச் சோதித்ததாகும்?’ என்பது அவர் தரப்பு வாதம். புத்தகத்தைக் கையில் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினால் மனிதர்கள் அதைச் செய்வதில்லை என்பதும் ஒரு முடிவுதானே என்பது என் பதில்.

அவர் பிறகு புரோஸ்டேட் புற்றுநோயின் தொடக்க நிலையில் இருந்த 93 ஆண்களை வைத்து 2005-இல் ஒரு கட்டுரையும், அல்சைமர் நோயின் தொடக்கத்தில் இருந்த 51 பேரை வைத்து 20 வார ஆய்வொன்றை 2024-இலும் வெளியிட்டார். இரண்டும் நம்பிக்கை தருபவை; இரண்டும் சிறியவை. எல்லா நோய்க்கும் ஒரே திட்டம் என்று ஒருவர் சொல்லத் தொடங்கும் இடத்தில் எனக்கு இயல்பாகவே புருவம் உயர்கிறது.

அவருடைய உண்மையான வெற்றி ஆய்வகத்தில் அல்லாமல் காப்பீட்டு அலுவலகத்தில் கிடைத்தது என்பேன். அறுவைக்குப் பணம் தரும் காப்பீடு, அறுவையைத் தவிர்க்கும் பயிற்சிக்கு ஏன் தருவதில்லை என்று அவர் பல ஆண்டுகள் விடாமல் கேட்டார். 1993-இல் ஒரு தனியார் காப்பீட்டு நிறுவனம் ஒப்புக்கொண்டது. 2010-இல், முதியோருக்கான அமெரிக்க அரசின் மெடிகேர் திட்டம், தீவிர இதய மறுவாழ்வு என்ற தனிப் பிரிவில் இவருடைய திட்டத்தை ஏற்றது. 72 மணி நேரம், நான்கு மணி நேர அமர்வுகள் பதினெட்டு. யோசித்துப் பாருங்கள், ஓர் அரசாங்கம் சமையல் வகுப்புக்கும் தியானத்துக்கும் மருத்துவக் கட்டணம் தருகிறது.

மறுமொழி – கிணற்றடி

நால்வருக்கும் நன்றி. நேற்று இரவு அண்ணனுக்கு எல்லா மறுமொழிகளையும் உரக்கப் படித்துக் காட்டினேன். 40.0, 37.8 என்ற எண்களைக் கேட்டதும் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, ‘இவ்வளவுதானா?’ என்றார். பிறகு 91 சதவீதத்தைக் கேட்டுவிட்டு, ‘அதுவும் பரவாயில்லை’ என்றார். மாத்திரை தொடர்கிறது. முறுக்கு டப்பாவை அண்ணியார் அலமாரியின் மேல் தட்டுக்கு மாற்றிவிட்டார். தியானத்துக்கு மட்டும் இன்னும் இசையவில்லை; குழுவாக உட்கார்ந்து மனம்விட்டுப் பேசுவது பற்றிச் சொன்னபோது, தெருமுனைத் தேநீர்க்கடையில் நாற்பது வருடமாக அதைத்தான் செய்துவருவதாகச் சொல்கிறார்.

ஒரு கேள்வி மீதமிருக்கிறது. பாலையும் தயிரையும் அண்ணன் அடியோடு நிறுத்த விரும்புகிறார். செய்யலாமா?

மறுமொழி – அஞ்சறைப்பெட்டி

கொழுப்பு நீக்கிய பாலில் ஒரு கோப்பை மோரை ஆர்னிஷே மறுக்கவில்லை என்று அவரிடம் சொல்லுங்கள். அப்படியும் நிறுத்துவதானால், பி12 வைட்டமினைத் தனியாக எடுத்தே ஆக வேண்டும். தாவர உணவில் அது நம்பத்தக்க அளவில் கிடைப்பதில்லை. பல ஆண்டு சைவர்களுக்கு முன்பே குறைவாக இருக்கக்கூடும், ஆகவே அடுத்த ரத்தப் பரிசோதனையில் அதையும் சேர்த்து எழுதித் தரும்படி இதய மருத்துவரிடம் கேளுங்கள். அண்ணன் சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மின் எடுப்பவராக இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். அந்த மாத்திரையும் பி12-ஐக் குறைக்கும்.

மறுமொழி – பழைய வார்டு

இன்னொன்றும் உண்டு. உணவை மாற்றிச் சில வாரங்களில் எடையும் ரத்த அழுத்தமும் இறங்கினால், அழுத்த மாத்திரையின் அளவைக் குறைக்க வேண்டி வரலாம். எழுந்து நிற்கும்போது தலைசுற்றல் வந்தால் அதை ‘உணவின் பலன்’ என்று வீட்டிலேயே கொண்டாடாமல், மருத்துவரிடம் போய் அளவைச் சரிசெய்துகொள்ளுங்கள்.